தலைவருக்கு ஓட்டுப் போட்ட வாரம்

எங்கள் சொந்தக்காரர்களுக்கென்று வாட்ஸப்பில் ஒரு குரூப் உண்டு. காலையில் சாமி படம், ராத்திரி குட்நைட், நடுவில் யாருக்காவது பிறந்தநாள். ஒருநாள் என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன், நம் நாட்டு வரலாற்றிலேயே பெரிய தலைவர் யார் என்று நான்கு பெயரைப் போட்டு ஓட்டுக் கேட்டிருந்தார். நானும் போட்டேன். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டிருப்பேன், அது வேறு.

என் வீட்டுக்காரர் ஒருவருக்கு, நான் வேறொருவருக்கு. பெயரெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் நீங்களும் சண்டைக்கு வருவீர்கள்.

அப்போது எங்கள் ஊரான முள்ளிப்பட்டில், வீட்டுத் தறியில் ஒரு கல்யாணப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடல் மாம்பழ நிறம், கரை அரக்கு. இப்படி நிறம் மாறினால் ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடாவை நடுவில் அவர் விடுவார், வலது கரையில் நான் விடுவேன். இரண்டு இழையும் கரையோரத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதும் அவர் பலகையை இழுத்து அடிப்பார். இதைத்தான் கோர்வை என்போம். பிடி தவறினால் கரையும் உடலும் தனித்தனியாக நிற்கும். இத்தனை வருஷத்தில் அவர் நெய்த புடவை ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கு அதைவிட அதிகம்.

"சொந்தக்காரங்க எல்லாம் பாத்துகினு இருக்காங்க. நீ இன்னாத்துக்கு அவருக்குப் போட்ட?" என்று தறியில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தார்.

"எனக்குப் புடிச்சிது, போட்டேன்."

"என் தலைவர் எடுத்த முடிவுல இருந்து ஒரு அடி பின்னால வச்சது இல்ல. ஊரே எதுத்தாலும் நின்னாரு. அவருதான் தலைவரு."

நான் விடுவேனா? "தப்புன்னு தெரிஞ்சதும் ஜனங்க முன்னாடி வந்து, நான் பண்ணது தப்புன்னு ஒத்துக்கினாரே, அதுக்குத்தான் தைரியம் வேணும். வீம்பா நிக்கறதுக்கு எருமமாடு போதும்."

"தப்பே பண்ணாம இருந்திருந்தா ஒத்துக்க வேண்டிய வேலையே இல்லியே."

எருமைமாட்டை நான் இழுத்திருக்கக் கூடாது. இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. ஆனால் முகூர்த்தம் காத்திருக்காதே, தறியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்தோம்.

இரண்டாம் நாள் மத்தியானம் என் கை தவறியது. மனதுக்குள் அவரோடு வாதாடிக்கொண்டே இழையைச் சரியாகப் பிடிக்காமல் நாடாவை விட்டிருக்கிறேன். கவனித்தபோது ஒரு விரல் நீளத்துக்குக் கரை பிரிந்து நின்றது. மற்ற நாளாக இருந்தால், "இருங்க" என்று ஒரு வார்த்தை, அந்த இடத்தைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. நான் ஏன் முதலில் பேச வேண்டும்? நெய்த துணி தறியின் உருளையில் சுருண்டு உள்ளே போய்விட்டது.

மூன்றாம் நாள் சோறு போடும்போது பேச்சு தானாக வந்தது. குழம்பில் உப்பு இல்லை என்றார், போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ஆனால் பிரிந்த கரையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதற்கு மேல் இரண்டு முழம் நெய்தாகிவிட்டது, யார் கண்ணில் படப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

புடவையைக் கொடுக்க ஆரணிக்குப் போனபோது அடுத்த புடவையின் பாவு நூலுக்கு நிறம் பார்க்க நானும் போனேன். எங்களுக்கு வேலை கொடுக்கும் முதலாளி பாயில் புடவையை விரித்துக் கரையோரமாகக் கையை ஓட்டிக்கொண்டே வந்தார். வலது கரையில் ஓரிடத்தில் கை நின்றது.

"இன்னாப்பா இது? யாரு கை?"

என் வீட்டுக்காரர் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். சட்டென்று பதில் சொல்லவில்லை. சாக்குத் தேடுகிறார் என்று நினைத்தேன். நான் பேசிய வீராப்பெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வாய்தான் திறக்கவில்லை. அலமாரியில் இருந்த பச்சைப் பட்டு நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாங்க," என்றார் அவர். "ஜல்தியா பலகைய அடிச்சிட்டேன். என் தப்புதான்."

முதலாளி கோபப்படவில்லை. "இத எப்பிடிப்பா பொண்ணு வூட்டுக்குக் குடுக்கறது? கொஞ்ச நாளைக்கு உனக்குக் கல்யாணப் பொடவ வேணாம். சாதாவே நெய்யி," என்று மெதுவாகச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் ஒரு ரைஸ் மில் முன்னால் லாரி குறுக்கே நின்றதால் வண்டியை நிறுத்தினார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் முகம் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"அது என் கை தவறினதுங்க. அன்னிக்கே பாத்தேன். உங்ககிட்ட சொல்லல."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் நீங்க ஏத்துக்கினீங்க?"

லாரி நகர்ந்தது. அவர் வண்டியைக் கிளப்பினார்.

"அங்க நீயே சொல்லுவன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்," என்றார்.