இரண்டாவது இருக்கை

கோட்டுச்சேரியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கார், விசைப்படகு எஞ்சின்களில் சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வேலைதான் அதிகம். துபாயிலிருந்து திரும்பிய ஜமால் பாய், தான் கட்டிக்கொண்டிருந்த சின்ன விமானத்துக்காக ஒரு கார் எஞ்சினைக் கொண்டுவந்தார். ஒரு ஸ்பார்க் பிளக் செத்தாலும் இன்னொன்று எரிய வேண்டும் என்று, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஹெட்டில் இரண்டாவது பிளக் துளை போடச் சொன்னார்.

துளைக்குப் பக்கத்திலேயே எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வழி. நடுவில் மெல்லிய சுவர்தான். துளையிட்டு, வழக்கம்போல் ஹெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி அந்த வழிக்குள் காற்றழுத்தம் கொடுத்தேன்; விரிசல் இருந்தால் குமிழ் வரும். குமிழ் வரவில்லை. "தைரியமாப் பறங்க பாய்" என்றேன்.

எஞ்சினை விமானத்தில் பூட்டியதும் அவர் சொன்னார்: "இன்ஷா அல்லாஹ், நாளைக்குக் காலையில கெளம்பிடலாம். ரெண்டு சீட்டு இருக்கு, நீங்களும் வாங்க. மண்டபத்தூர்ல படகு எஞ்சின் பாத்தா மொத ஓட்டத்துக்குக் கூடவே கடலுக்குப் போவீங்கல்ல, அது மாதிரிதான்."

எஞ்சின் நின்றாலும் படகு மிதக்கும்.

"ஒரு நாள் பொறுங்க பாய். ஹெட்டை இன்னொரு தடவ பாத்துடறேன்."

கழற்றி, இந்த முறை நல்ல வெந்நீரில் இறக்கிக் காற்றழுத்தம் கொடுத்தேன். சூடு ஏறியதும் புதுத் துளையின் ஓரத்திலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பின. முடி அளவு விரிசல்; சூட்டில்தான் வாய் திறக்கிறது. ஜமால் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உசுரக் காப்பாத்திட்டீங்க" என்றார்.

விமானத்தில் ஒரே இருக்கை இருந்திருந்தால் அந்த ஹெட்டை நான் கழற்றியிருக்கவே மாட்டேன். அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.