பனி வருமா என்று கேட்க வத்தல்மலைக்குப் போனேன்

வத்தல்மலைக்குப் பனி பார்க்க எந்த மாதம் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில் சொல்கிறேன். நான் அங்கே முதலில் போனது பனி பார்க்க அல்ல, பனி வருமா என்று கேட்க.

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. அதியமான்கோட்டைப் பக்கம் எங்களுக்கு மானாவாரிக் காடு. மழை பொய்த்துவிட்டது. வீட்டில் இருந்தது ஒரு பானை விதைக் கொள்ளு. ஈரம் கொஞ்சம் இருந்தால் போதும், மிச்சத்துக்குப் பனியைக் குடித்தே கொள்ளு விளைந்துவிடும். பனி இல்லாவிட்டால் விதையும் போச்சு.

என் வீட்டுக்காரரின் அண்ணன் அப்போது குடகுக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். தம்பியையும் விடவில்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் இருங்க, மலையில கேட்டுட்டு வந்துடறேன்" என்றேன். "வெள்ளி பொழுது சாயற வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல அண்ணன் நிக்காது" என்றார் வீட்டுக்காரர்.

மலையில் எனக்குத் தெரிந்தவள் சின்னபாப்பா. சந்தைக்குச் சாமை கொண்டுவருவாள். பனி வருவது மலைக்காரர்களுக்கு முன்னாடியே தெரியும் என்று எங்கள் ஊரே நம்பியது.

வியாழன் விடிந்ததும் தர்மபுரிக்கு நடந்து, அங்கிருந்து பஸ்ஸில் அடிவாரம் போனேன். கண்டக்டர், "என்னம்மா, தனியா போறீங்க, வூட்ல சண்டையா?" என்றார். "சண்டை போடக்கூட மழை வேணுமுங்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அடிவாரத்தில் இறங்கியது நான் ஒருத்திதான். பிறகு ஒற்றையடிப் பாதை, முழுக்க ஏற்றம். பொழுது சாயும்போது மேலே பாப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீடு இல்லை, மரம் இல்லை, எல்லாம் வெள்ளை. "பாப்பா, பனி விழுந்துருச்சு!" என்று கத்தினேன்.

அவள் அடுப்படியிலிருந்து சிரித்தாள். "அய்யோ அக்கா, இது பனி இல்லீங்க, மேகம். எங்க மலைமேல குந்திக்கிட்டிருக்குது. உங்க காட்டுப் பனி வேற."

"அது எப்ப வரும்?"

"இந்த மூட்டம் கலைஞ்சு, வானம் வெளுத்து, காத்து செத்துப்போவணும். அப்புறம் பாருங்க, சீலையப் புழியற மாதிரி பனி எறங்கும்."

"கலையுமா?"

"அத என்னக் கேட்டா? மலையத்தான் கேக்கணும்."

இறங்கிவிடலாம் என்று பாதைக்குப் போனேன். வைத்த கால் எனக்கே தெரியவில்லை. பள்ளத்துக்குப் பயந்து திரும்பிவிட்டேன். பாப்பா காட்டுக்குப் போய்விட்டாள். நாளெல்லாம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். எங்கோ ஓர் ஆட்டு மணி கேட்டது, ஆட்டைக் காணோம். அந்த வெள்ளைக்குள் வெள்ளிக்கிழமைப் பொழுது எப்போது சாய்ந்தது என்றுகூட எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மூட்டம் கலைந்தது. ஓர் இலை அசையவில்லை. விதைக்கலாம் என்ற பதிலோடு ஓட்டமும் நடையுமாக இறங்கினேன்.

வீடு சாத்தியிருந்தது. வாசலில் நின்ற மூத்தார் பெண்சாதி சொன்னாள்: "நேத்தே கெளம்பிட்டாங்க. உன் ஊட்டுக்காரரு தெருமுக்கையே பாத்துக்கிட்டிருந்தாரு. எங்க ஊட்டுக்காரருதான், 'அவ மலையிலயே குடித்தனம் போட்டுட்டாடா, யாருக்குடா நிக்கற?'ன்னு கூட்டிக்கிட்டுப் போனாரு."

அந்த வார்த்தைக்காக அவர்கள் வீட்டில் நான் இன்றுவரை ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. மூத்தார் செத்ததற்கும் போய்த் தெருவில் நின்றுவிட்டு வந்தேன்.

தனியாகவே விதைத்தேன். பாப்பா சொன்னபடியே பனி கொட்டியது. காலையில் காட்டுக்குள் நடந்தால் சேலை முழங்கால்வரை நனையும். கொள்ளு கொடி தெரியாமல் காய்த்தது. அதைப் பார்க்க வேண்டியவர் குடகில் இருந்தார். பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து விருந்தாளி போல நாலு நாள் இருந்துவிட்டுப் போவார்.

அடுத்த வருடமும் அதேபோல மூட்டம் கலைந்தது, காற்றும் நின்றது. பனி வரவில்லை. ஆக, முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்றால், ஒரு வருடம் முடிந்தது, ஒரு வருடம் முடியவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போகிறவர்களுக்கு: கார்த்திகை, மார்கழி நல்ல மாதங்கள். தர்மபுரியிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், இப்போது மேலேவரை ரோடு இருக்கிறது. கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டம் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், எவ்வளவு நேரமானாலும் பொறுங்கள். திரும்பும் நாளை வீட்டில் அடித்துச் சொல்லாதீர்கள். சொல்லித்தான் ஆகவேண்டுமென்றால், ஒரு நாள் கூடுதலாகக் காத்திருக்கிற ஆளிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.