ஒரு சுருட்டு நேரம்

போன வாரம் சேலம் கடைவீதிக்குப் போய்ச் சுருட்டு வாங்கினேன். நான்தான். எனக்குத்தான்!

பத்திரிகையைக் கீழே போட்டுவிடாதீர்கள். வாராவாரம் இந்த இடத்தில் பால்காரரையும் பலகாரத்தையும் பற்றி எழுதிக்கொண்டிருந்த அம்மாளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் வரவில்லை. பிடிவாதம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

என் பிறந்த வீடு மல்லசமுத்திரத்துக்குப் பக்கம். அப்பாவுக்குப் பண்ணையம். சாயங்காலம் கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்து முடித்து, எருதுகளை அவிழ்த்துவிட்டு, கிணற்று மேட்டுக் கல்லில் உட்கார்ந்து ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். அவரிடம் எதைப் பேச வேண்டுமென்றாலும் அப்போதுதான் பேச வேண்டும். பங்காளிகளுக்கும் அதே சட்டம், பெற்ற பிள்ளைகளுக்கும் அதே சட்டம். சுருட்டு எரிகிறவரை பொறுமையாகக் கேட்பார். எரிந்த சுருட்டுத் துண்டைக் கீழே போட்டு மிதித்தாரோ... பேச்சு முடிந்தது. அதுவரை காதில் விழுந்ததை வைத்துத் தீர்ப்பு. மறுநாள் அதே விஷயத்தை எடுத்தால், "அதான் நேத்தே பேசியாச்சே" என்று எழுந்து போய்விடுவார்.

ஹைகோர்ட்டில்கூட அப்பீல் உண்டு. எங்கள் கிணற்று மேட்டில் கிடையாது.

இப்போது அங்கே போக வேண்டிய வழக்கு என் தங்கை நல்லம்மாளுடையது. ஊரில் கிடைக்கிற படிப்பையெல்லாம் முடித்துவிட்டாள். மேலே படிக்க வேண்டுமென்றால் சேலத்துக்கு வந்து, அஸ்தம்பட்டியில் என் வீட்டில் தங்கி, பெண்கள் ஹைஸ்கூலுக்குப் போக வேண்டும். ஆனால் பரமத்திப் பக்கமிருந்து நல்ல இடம் ஒன்று பெண் கேட்டு வந்துவிட்டது. அப்பாவுக்கும் சம்மதம் போலத் தெரிந்தது. "அக்கா, நீ வந்து ஒருக்கா பேசு" என்றாள் நல்லம்மாள். அழவில்லை, கெஞ்சவில்லை. அதனாலேயே என்னால் மறுக்க முடியவில்லை.

ஏனென்றால் என் வழக்கும் அதே கல்லின் முன்னால்தான் நடந்தது. நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். மேலே படிக்க ஆசை. நான் பேச முடியுமா? அம்மாவை அனுப்பினேன். அம்மாவுக்கோ அப்பாவின் முன்னால் நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எருமைக்குத் தவிடு தீர்ந்துபோனதில் ஆரம்பித்து, கூரைக்கு ஓலை வேய வேண்டும் என்று சுற்றி வளைத்து, என் பெயரை எடுப்பதற்குள் சுருட்டு முடிந்துவிட்டது. தவிடு வந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன்.

இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. யார் மேல் ஆத்திரப்படுவது? அம்மா மேலா, அப்பா மேலா? எனக்கு அந்தச் சுருட்டு மேல்தான் ஆத்திரம். சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும் நாட்டுச் சுருட்டு. உள்ளே பாதி காம்பு. ஒரு பக்கமாகவே எரியும், படபடவென்று பொறி தெறிக்கும், ஆரம்பித்த பேச்சு சூடு பிடிப்பதற்குள் விரலைச் சுடும்.

அப்போதுதான் யோசனை வந்தது. பேச்சைச் சுருக்க என்னால் ஆகாது, அது இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கே தெரியும். சுருட்டை நீட்டினால் என்ன?

கடைவீதியில் சுருட்டுக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "ஏனுங்கம்மா, ஐயாவுக்குங்களா?"

"எங்க அப்பாவுக்கு. நல்லதா, மெதுவா எரியிற மாதிரி வேணும்."

"லேசானதுங்களா, நடுத்தரமுங்களா, காட்டமுங்களா?"

எனக்கு என்ன தெரியும்! மூன்றிலும் ஒவ்வொன்று கொடுங்கள் என்றேன். "அப்பா குடிச்சுப் பாத்துச் சொல்லட்டுமுங்க" என்றார் அவர். சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அப்பாவிடம் கொடுத்துப் பார்க்க முடியாதே! ஒரு விஷயத்துக்கு ஒரு சுருட்டுத்தான். தப்பான சுருட்டைக் கொடுத்து அவர் நாலு இழுப்பில் தூக்கி எறிந்துவிட்டால் நல்லம்மாளின் படிப்பும் அதோடு போயிற்று. என் வீட்டுக்காரரைக் கேட்கலாமா? அவர் மூக்குப்பொடிகூடப் போடாத மனிதர்.

ஆக, மிச்சம் இருந்தது நான்தான்.

கொல்லையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்கு. முதலில் காட்டமானது. ஊதுவதா உறிஞ்சுவதா என்று தெரியாமல் ஓர் இழுப்பு இழுத்தேன், புகை நேரே நெஞ்சுக்குள் போய்விட்டது. துவைக்கிற கல், கிணறு, முருங்கை மரம் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன. விடுவேனா? முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தேன். புகையை உள்ளே விடாமல் வாயிலேயே வைத்திருந்து வெளியே விட வேண்டும் என்கிற ரகசியம் அன்றைக்குப் பிடிபட்டது. மறுநாள் லேசானது. வைக்கோலைக் கொளுத்தி வாயில் வைத்த மாதிரி இருந்தது. அப்பா இதைச் சுருட்டு என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது நடுத்தரம். திண்டுக்கல் சரக்கு, ஏற்காட்டுத் தோட்டத் துரைமார் வாங்குவது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். விரலால் அமுக்கினால் கல் மாதிரியும் இல்லை, பஞ்சு மாதிரியும் இல்லை. நுனியைத் தீயில் திருப்பித் திருப்பிக் காட்டி, அவசரப்படாமல் இழுத்தேன். முதலில் வறுத்த கொத்தமல்லி வாசனை. கொஞ்ச நேரம் போனதும் காப்பிக்கொட்டை வறுக்கிற மணம், நாக்கின் ஓரத்தில் கருப்பட்டி போல ஓர் இனிப்பு. பாதிக்கு மேல் காட்டம் மெல்ல ஏறிற்று. ஆனால் தொண்டையைப் பிடிக்கவில்லை, தலை சுற்றவில்லை. ஒன்றை ஒன்று அமுக்காமல் காரமும் இனிப்பும் கசப்பும் அளவாக நின்றன, நல்ல ரசத்தில் நிற்பது போல. சாம்பல் வெள்ளை வெளேரென்று உதிராமல் நீண்டது. என்ன சொல்ல... நன்றாக இருந்தது ஐயா! சும்மா பொய் சொல்வானேன்?

எல்லாவற்றையும்விட முக்கியம், அது எரிந்து முடிவதற்குள் அடுப்பில் வைத்த துவரம்பருப்பு வெந்து குழைந்துவிட்டது. அத்தனை நேரம்!

வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்தவர் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். "யாரு வந்திருந்தாங்க?"

"யாரும் வரலீங்க. நான்தான்."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். விவரம் முழுக்கக் கேட்டபின், "எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடு" என்று மட்டும் சொன்னார். நல்ல மனிதர்.

நடுத்தரத்தில் இன்னொன்று வாங்கிக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். சாயங்காலம் அப்பா கல்லில் உட்கார்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், அமுக்கிப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. பற்றவைத்தார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "அப்பா, நல்லம்மா விஷயமா..."

அப்பா கையை உயர்த்தினார். "அம்மிணி, இது பேசிக்கிட்டே குடிக்கிற சுருட்டு இல்ல. கொஞ்சம் சும்மா இரு."

கண்ணை மூடிக்கொண்டார்!

இதை நான் யோசிக்கவே இல்லை. நாட்டுச் சுருட்டில் ருசிக்க ஒன்றும் இல்லாததால்தான் இத்தனை வருஷமும் காதைத் திறந்து வைத்திருந்தார். நானோ நல்ல சுருட்டாகப் பொறுக்கிக் கொடுத்து அந்தக் காதையும் அடைத்துவிட்டேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன். சாம்பல் நீண்டுகொண்டே போனது. கால் பங்கு போயிற்று, பாதி போயிற்று. இரண்டு தடவை வாயைத் திறந்தேன், இரண்டு தடவையும் கை உயர்ந்தது. தூரத்தில் கட்டுத்தரைப் பக்கம் நல்லம்மாள் மாட்டுக்குப் புல் போடுகிற சாக்கில் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"காட்டம் இருக்குது, ஆனாத் தொண்டையப் புடிக்கில பாரு" என்றார் அப்பா கண்ணைத் திறந்து. "யாரு பொறுக்கிக் குடுத்தது? மாப்பிள்ளைக்கு இந்த நாக்கு கெடையாதே."

கடைக்காரர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் 'ஓ' என்று மறுபடி கண்ணை மூடியிருப்பார்.

"நான்தானுங்கப்பா. மூணு தினுசு வாங்கிக் குடிச்சுப் பாத்து, இதுதான் நல்லா இருக்குதுன்னு எடுத்தேன்."

அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கையிலிருந்த சுருட்டில் நெருப்பு மங்கிக்கொண்டே வந்து, அப்படியே அணைந்துவிட்டது.

அவ்வளவுதான். அணைந்த சுருட்டை அப்பா மறுபடி பற்றவைத்து யாரும் பார்த்ததில்லை. கசக்கும் என்பார். ஆனாலும் நான் நகரவில்லை. இன்றைக்கு நகர்ந்தால் நல்லம்மாள் பரமத்திக்குப் போவாள் என்று தெரியும்.

"எதுக்குக் குடிச்சே?" என்றார்.

"நல்லம்மா படிக்கோணும். அதைப் பேச எனக்கு நேரம் வேணும். உங்க பழைய சுருட்டு பத்தாதுங்க. நான் அஞ்சாவதோட நின்னது அதனாலதான். அன்னைக்கு அம்மா என் படிப்பைப் பேசத்தான் வந்தாங்க. வாயத் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

"என்னைக்கு?" அப்பாவின் புருவம் சுருங்கியது. "தவிடு வேணும்னு வந்தாளே, அன்னைக்கா?"

"ஆமாங்க."

"அவ தவிட்டுக்குத்தானே வந்தா!"

"இல்லீங்கப்பா. எனக்காவத்தான் வந்தாங்க."

அப்பா கிணற்றுக்குள் பார்த்தார். அவருக்கு இது தெரியாது! இத்தனை வருஷமாக, அம்மா எனக்காக வந்தது தெரிந்தும் அவர் பேச்சை முடித்துவிட்டார் என்று நான் வருந்திக்கொண்டிருந்தேன். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் அதைப் பார்க்காத மாதிரி மடியைத் தடவினார்.

தீப்பெட்டியை எடுத்தார். அணைந்த சுருட்டைப் பற்றவைத்தார். ஓர் இழுப்பு இழுத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சொல்லு" என்றார்.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். பள்ளிக்கூடம், என் வீடு, அவள் மார்க்கு எல்லாம் சொன்னேன். "பரமத்திக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். "காத்திருக்கச் சொல்லுங்க. காத்திருக்க மாட்டாதவங்க ஊட்டுக்கு நம்ம புள்ளை எதுக்குங்க?" என்றேன். கசப்புச் சுருட்டைக் கடைசிவரை குடித்தார். ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை.

துண்டை மிதித்துவிட்டு எழுந்தார். "நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் கெளம்புங்க. அந்தப் புள்ளையச் சுருட்டுக் கடைப் பக்கம் மட்டும் உட்றாத."

அவளைத்தான் சொன்னார். என்னை ஒன்றும் சொல்லவில்லை.