தழும்பு இடம் மாறிய கேப்டன்

கேப்டன் லோரன் எந்த இடத்தில் ஆள் மாறினார் என்று நான்காம் வகுப்பு விடுமுறையில் தேடினேன். மாறி வந்தவர் எந்த இடத்தில் உண்மையான லோரன் ஆனார் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்விக்கு விடை அன்றே கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு இன்னும் கிடைக்கவில்லை. மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். லோரன் வரும் விண்வெளிச் சித்திரக்கதை முழுவதையும் சேர்த்து மறுபதிப்பாக வந்திருக்கும் கனமான தொகுப்பு மடியில் இருக்கிறது. கட்டம் கட்டமாகப் பார்த்தும் அந்த இடம் கையில் சிக்கவில்லை.

லோரன் ஒரு விண்கலத்தின் தலைவர். பூமிக்குத் திரும்பும் வழியைத் தொலைத்துவிட்டு, ஒவ்வொரு கிரகமாக இறங்கி வழி கேட்பார். கேட்கப்பட்டவர்கள் வழி சொல்வதற்கு முன் அவரிடம் ஏதாவது ஒரு வேலை வாங்கிக்கொள்வார்கள். கதை அத்தனை ஆண்டுகள் ஓடியதற்கு அதுதான் காரணம். ஒரு கதையில் கலம் ஒரு கரிய வளையத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். அடுத்த இதழில் லோரனின் ஒடுங்கிய தாடை அகன்றிருக்கும். கன்னத்துத் தழும்பு மறு கன்னத்துக்குப் போயிருக்கும். துப்பாக்கியை இடது கையில் பிடித்திருப்பார். கலத்தில் இருந்த ஒருவரும் இதைக் கண்டுகொள்ளவில்லை. விஞ்ஞானிகூட வழக்கம்போல "கேப்டன்!" என்று அலறிக்கொண்டுதான் ஓடி வந்தார்.

சித்திரக்கதையை ஒருவர் உட்கார்ந்து வரைகிறார் என்பதே அன்று எனக்குத் தெரியாது. ஆகவே, உள்ளே போனவர் வேறு, வெளியே வந்தவர் வேறு என்று முடிவு செய்தேன். அந்த முடிவுக்கு வந்த சில நாட்களில் ஜோர்டானிலிருந்து அப்பா வந்து சேர்ந்தார்.

அப்பா பனியன் துணியில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் மாஸ்டர். நான் சரியாகப் பேசத் தொடங்கும் முன்பே அங்கே ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனவர். நடுவில் ஒருமுறை வருவதாக இருந்தது, வரவில்லை. பெருமாநல்லூரில் எங்கள் வீட்டில் அவர் இரண்டு இடங்களில் இருந்தார். ஒன்று ஃபிரிட்ஜின் மேல் சட்டம் போட்டு வைத்திருந்த போட்டோ. மற்றது ஞாயிற்றுக்கிழமை ஃபோன். போட்டோவில் அடர்ந்த மீசையும் நெற்றியில் விழும் முடியும் ஒரு புருவத்தின் மேல் தழும்பும் இருந்தன. ஃபோனில், "நல்லாப் படிக்கறயா கண்ணு?" என்று ஒரு கனத்த குரல் இருந்தது.

விமான நிலையத்திலிருந்து மாமாவின் காரில் வந்து இறங்கியவருக்கு மீசை இல்லை. முன்னந்தலையில் முடி இல்லை. குரல் மெலிந்திருந்தது. போட்டோவில் இருப்பவரைவிடக் குள்ளமாகவும் இருந்தார். மார்பளவு போட்டோவை வைத்து உயரத்தை எப்படி முடிவு செய்தேன் என்று தெரியவில்லை. அது ஃபிரிட்ஜின் மேல் இருந்ததால் இருக்கலாம். சாப்பிட எதிரே உட்கார்ந்தபோதுதான் தழும்பைப் பார்த்தேன். போட்டோவில் அது என் வலது கைப்பக்கம் இருக்கும். இவருக்கு என் இடது கைப்பக்கம் இருந்தது.

அன்றிலிருந்து ஒரு பட்டியல் என் மனதில் ஓடத் தொடங்கியது. அதைச் சரிபார்த்து முடிக்கும்வரை அவரை அப்பா என்று கூப்பிடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் மரியாதை இதற்கு வசதியாக இருந்தது. "ஏனுங்க, அம்மா சாப்புடக் கூப்புடறாங்க," "ஏனுங்க, குளிக்கத் தண்ணி வெச்சாச்சுங்க" என்று எவ்வளவு நாளும் ஓட்டலாம்.

"பாருங்க மச்சான், உங்களை அக்கா கூப்புடற மாதிரியே கூப்புடுது!" என்று மாமா சிரித்தார். அவர் அம்மாவின் தம்பி; பக்கத்துத் தெருவில் சட்டை தைக்கும் யூனிட் வைத்திருந்தார். லோரன் இதழ்கள் எல்லாம் அவர் சிறுவனாக இருந்தபோது வாங்கியவை. வந்தவர் சிரிக்கவில்லை.

சோதனைக் கேள்விகளும் கேட்டேன். "தேர்க்கடையில எனக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "பலூனா கண்ணு?"

தப்பு. பீப்பி. எனக்கும் அது அம்மா சொல்லித்தான் தெரியும்.

இதற்கிடையில் அவர் மீசை வளர்க்கத் தொடங்கினார். அது பாதி வெள்ளையாக முளைத்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் முழுக்கக் கறுப்பாக இருந்தது. கொடியில் காய்ந்த துண்டிலும் அந்தக் கறுப்பு ஒட்டியிருந்தது. வேடம் நாளுக்கு நாள் முன்னேறுகிறது என்று குறித்துக்கொண்டேன்.

அம்மா என் கட்சியில் இருப்பதாகவே தோன்றியது. அவரிடம் பேசும் முன் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் பேசுவாள். ஃபிரிட்ஜைத் திறக்கப் போகிறவள் போலப் போய், போட்டோவைப் பார்த்துவிட்டுத் திறக்காமலே திரும்பி வருவாள். ஒரு மத்தியானம் நான் தூங்குவதாக நினைத்து இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கம்பெனியில மறுபடி கூப்புடறாங்க. இன்னும் பதில் சொல்லல," என்றார் அவர். "புள்ள ஒருக்காக்கூட அப்பான்னு கூப்புடல. இங்க எனக்கு என்ன எடம் இருக்குதுன்னே தெரியல. போயர்லாமான்னு பாக்கறன்."

அவர் அவசரமாகத் தப்பிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாட்சிக்கு ஆள் இருக்கிறார் என்று, வளையத்துக்கு முந்தைய இதழ் ஒன்றையும் பிந்தையது ஒன்றையும் கொண்டுபோய் வந்தவரின் முன்னால் விரித்தேன்.

"ஏனுங்க, இதுல நெசமான கேப்டன் யாருங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து அச்சுப் புள்ளிகளைப் பார்க்கும் சிறிய லென்ஸை எடுத்தார். கறிக்குழம்பு மணத்துக்கு நடுவே, தரையில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். வந்ததிலிருந்து அவர் எதையும் அவ்வளவு நிம்மதியாகச் செய்து நான் பார்த்ததில்லை.

"இது பிலிமைத் திருப்பிப் போட்டது கண்ணு. அதான் தழும்பு அந்தப் பக்கம் போயிருச்சு, துப்பாக்கி எடது கைக்கு வந்திருச்சு. எழுத்து மட்டும் அப்புறமா ஒட்டுனது, அதனால நேரா இருக்குது."

"அப்ப தாடைங்க?"

லென்ஸ் நகர்ந்தது. "தாடை வேற ஆளு போட்டது. மொதல் ஆளோட கோடு ஒரே இழுப்புல போகுது பாரு. இவன் நிறுத்தி நிறுத்திப் போட்டிருக்கான். பழைய ஆளாட்டவே இருக்கோணும்னு பயம். எல்லாருக்கும் பழைய மூஞ்சிதான வேணும்? பாவம், அவன் என்ன பண்ணுவான்."

"கண்டுபுடிச்சுருவாங்கன்னு பயமுங்களா?"

"ஆமா கண்ணு," என்றார். அவர் அப்போது புத்தகத்தைப் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜின் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சமையலறைக்கு ஓடினேன். "அம்மா, அவரே ஒத்துக்கிட்டாரு! வேற ஆளாம்! அப்பா மாதிரி நடிக்கறாராம்! கண்டுபுடிச்சுருவோம்னு பயமா இருக்குதாம்! தழும்புகூட மாத்தி இருக்குதும்மா!"

மாமாவுக்குப் புரையேறியது. "அக்கா, போலீசுக்குச் சொல்லிரலாமா? ஆள்மாறாட்டக் கேசு!" என்று இருமலுக்கு நடுவே கத்தினார்.

வந்தவர் மட்டும் எழுந்து போய்ப் போட்டோவை எடுத்து வந்தார். லென்ஸ் வைக்காமலே ஒருமுறை பார்த்தார். பிறகு மாமாவிடம் நீட்டினார்.

"மாப்ள, சட்டைக்குப் பாக்கெட்டு எந்தப் பக்கம் வெப்பீங்க?"

"இதென்னங்க கேள்வி? எடது பக்கந்தான்."

"இதுல எங்க இருக்குது?"

மாமா பார்த்தார். பாக்கெட் ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் சட்டையைத் தூக்கித் தையல்காரர் மடியில் எறிகிறவர். அந்தப் போட்டோவுக்குக் கீழே ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்று தினமும் காபி குடித்தவர்.

"அட கெரகமே!" என்றார். பாக்கெட் வலது பக்கம் இருந்தது.

"ஸ்டுடியோக்காரன் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுட்டான்," என்று அவர் என்னிடம் சொன்னார். ஏதோ தவறு செய்து மாட்டிக்கொண்டவர் போல மெதுவாகச் சொன்னார். மாமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பட்டியலில் முக்கியமான சாட்சி அடிபட்டுப் போனது. மற்றவை அப்படியே இருந்தன.

அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். போட்டோவை வாங்கிப் பார்த்தாள். பிறகு எதிரே நின்றவரைப் பார்த்தாள். இந்த முறை போட்டோவைவிட நீண்ட நேரம். பீரோவைத் திறந்து போட்டோவைத் துணிகளுக்கு அடியில் வைத்துச் சாத்தினாள்.

"ஏனுங்க, அந்த மீசைய எடுத்துப்போடுங்க. உங்களுக்கு இப்ப அது நல்லாவே இல்ல."

அவர் கை மீசைக்குப் போனது. "பழசாட்ட இருக்கட்டும்னுதான்..."

"பழசு பீரோவுல இருக்குது. போய் எடுங்க. அப்படியே அந்தக் கம்பெனிக்காரனுக்கும் வர்றதில்லீன்னு சொல்லிருங்க."

அவர் சிரித்தார். வந்ததிலிருந்து முதல்முறை. சிரிக்கும்போது கண் ஏன் கலங்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

பின்வாசலில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரே குழப்பமாக இருந்தது. போட்டோவோடு அவர் கொஞ்சமாவது ஒத்துப்போன ஒரே இடம் அந்த மீசைதான். அதைப் போய் அம்மா எடுக்கச் சொல்கிறாள். வேடத்தைக் கலைக்கச் சொன்னதற்கு இவர் இவ்வளவு சந்தோஷப்படுகிறார். அம்மா யார் கட்சி? இதைப் பட்டியலில் எந்தப் பக்கம் சேர்ப்பது?

"ஆடாமப் புடி கண்ணு."

"புடிச்சுட்டுத்தானுங்கப்பா இருக்கறன்," என்றேன், பட்டியலை யோசித்தபடியே.

பிளேடு நின்றுவிட்டது. பாதி முகத்தில் நுரையோடு அவர் அசையாமல் இருந்தார். கண்ணாடி ஆடவே இல்லை. பிறகு ஏன் நிறுத்தினார் என்று தெரியாமல், அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.