ஷிப்ட் வீட்டு மீன்

என் பெண் ஹாஸ்டலுக்குப் போன பிறகு என்னோடு பேசியதெல்லாம் மீனைப் பற்றி மட்டும்தான். அவள் விலங்கியல் படிக்கிறேன் என்றாள். நான் இன்ஜினியரிங்தான் என்று ஒற்றைக்காலில் நின்று சேர்த்துவிட்டேன். அதில் தப்பொன்றும் இருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனாள். போகும்போது பிளாஸ்டிக் டப்பில் சுற்றிக்கொண்டிருந்த தன் தங்கமீனைக் காட்டி, "இதுக்கு ஒரு நல்ல தொட்டி வாங்கி வை" என்றாள். அம்மா என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

சாயங்காலம் போன் வரும். "மீன் எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு." "சரி, வைக்கிறேன்." பெரும்பாலும் அவ்வளவுதான் பேச்சு. அதற்காக நான் மத்தியானத்திலிருந்தே இருப்புக்கொள்ளாமல் தவிப்பேன். இந்த மீன் செத்துப்போனால் அவள் எதைக் கேட்கப் போன் செய்வாள்? அந்தப் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாது, சிரிப்பார்கள்.

நானும் வீட்டுக்காரருமாக டவுன்ஷிப் பஜாரில் கண்ணாடித் தொட்டி, ஃபில்டர், ஒரு பை கூழாங்கல் எல்லாம் வாங்கி வந்தோம். குவார்ட்டர்ஸ் ஹாலில், வெயில் படாத மூலையில் வைத்தோம். கல்லை அரிசி களைவதுபோல் களைந்தேன். தெளிவேனா என்றது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கும் என்பதால் பக்கெட்டில் பிடித்து வைத்து மறுநாள் ஊற்றினேன். அதுவரை எல்லாம் அவள் போனில் சொன்னபடிதான். அதற்குமேல் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஃபில்டர் மட்டும் ஓடட்டும். தண்ணி பழகணும், அழுக்கத் திங்கிற நல்ல கிருமி அதுல வளரணும். மூணு நாலு வாரம் மீன விடக்கூடாது."

வெறும் தண்ணீரை வேடிக்கை பார்த்துக்கொண்டு அத்தனை நாள் இருக்க என்னால் ஆகுமா? அலமாரியைத் துடைத்தேன். ஜன்னல் கம்பியில் படிந்த சுரங்கத்துக் கரித்தூளைத் துடைத்தேன், துடைத்ததையே மறுபடி துடைத்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, மீனைத் தொட்டியில் விட்டுவிட்டேன்.

"விட்டாச்சா? அப்ப தீனி ரொம்பக் கம்மியா போடு. காலைல ஒரு சிட்டிகை, அவ்ளோதான்" என்றாள்.

அங்கேதான் கோட்டை விட்டோம். என் வீட்டுக்காரர் குறிஞ்சிப்பாடிக்காரர், மைன்ஸில் பர்மனென்ட். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். ஷிப்ட் வீட்டில், வேலை முடிந்து எந்நேரம் வந்தாலும் தட்டைப் போட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. அவர் ஹாலில் கால் வைத்ததும் மீன் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்கும், அவரும் ஒரு சிட்டிகை போடுவார். காலையில் நான் போட்டிருப்பேன். அவர் சாப்பிடும்போது அது பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று இன்னொரு தடவையும் போடுவேன். ஒருவர் போட்டதை மற்றவர் கேட்டுக்கொள்வதில்லை. எங்கள் வீட்டில் 'போட்டாச்சா' என்று யாரும் கேட்க மாட்டோம், 'இன்னும் கொஞ்சம் போடவா' என்றுதான் கேட்போம்.

ஒருநாள் தொட்டித் தண்ணீர் கழுநீர்போல் கலங்கிவிட்டது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பசி போலங்க" என்றேன்.

"பசிதான். பாவம், வாயத் தொறந்துகினு நிக்குது பாரு. ஒரு சிட்டிகை போடு" என்று சொல்லிவிட்டு அவர் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனார். நானும் போட்டேன். மீன் அதைச் சீண்டவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது. சமையலறைக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

போன் வந்தது.

"மீன் எப்படி இருக்கு?"

'நல்லா இருக்கு' என்பது நாக்கு நுனி வரை வந்தது. "சாகப்போகுதுடி" என்று அழுதுவிட்டேன்.

அவள் திட்டவில்லை. "அழாத. நேத்து பிடிச்சு வெச்ச தண்ணி இருக்கா? தொட்டியில பாதித் தண்ணிய எடுத்துட்டு அத மெதுவா ஊத்து. அடியில கெடக்கிற தீனிய ட்யூப் வெச்சு உறிஞ்சி எடு. கல்லக் கழுவிடாத, அதுல இருக்கிற நல்ல கிருமி போயிடும்."

நல்லவேளை, பக்கெட்டில் தண்ணீர் இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். புடவையெல்லாம் நனைந்துவிட்டது. உறிஞ்சிய தண்ணீரில் ஊறிப்போன தீனி ஒரு கிண்ணம் வந்தது. அத்தனையையும் நாங்கள் இரண்டு பேரும் பாசத்தோடு போட்டிருக்கிறோம். கடைசியில் மீன் மெல்ல நிமிர்ந்து, அடியில் போய் நின்றது.

"இனி ரெண்டு நாளைக்கு ஒண்ணும் போடாத. அப்பாவையும் போட விடாத."

"பட்டினியாவா?"

"ஆமா. அதுக்கு ஒண்ணும் ஆகாது."

எனக்கு மனசே ஒப்பவில்லை. இந்த வீட்டில் யாரையும் பட்டினி போட்டதில்லை. இருந்தாலும் தீனி டப்பாவை, வீட்டுக்காரர் கை வைக்காத இடமாகப் பார்த்து, அரிசி டின்னுக்குள் புதைத்தேன். இதோ 'சரி, வைக்கிறேன்' என்று சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"நீ சாப்டியாம்மா?" என்றாள்.

காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இல்லடி."

"போயி தட்டுல போட்டுக்கினு வா. நான் லைன்லயே இருக்கேன்."

சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மீன் கண்ணாடி ஓரமாக வந்து என் தட்டையே பார்த்தது. அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டேன்.