“பக்குனு” ஆனதற்கு இங்கிலீஷ்

அந்தக் காலத்தில் நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன். ஜட்ஜ் வெள்ளைக்காரர். தமிழில் பரீட்சை தேறியவர்தான். ஆனால் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவன் ஒருவன் வாயைத் திறந்தால் போச்சு, உடனே என் முகத்தைப் பார்ப்பார். நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொள்வேன். எனக்குச் சம்பளம் கொடுத்ததே அந்தக் கனைப்புக்குத்தான் என்று என் மனைவி சொல்வாள்.

யுத்தம் வந்து பஸ்கள் கரிவாயுவில் ஓட ஆரம்பித்த சமயம். ஒரு கிராமத்தில் இரண்டு பங்காளிகளுக்குள் தகராறு. பொதுக் கிணற்றில் யார் எந்த நாள் இறைப்பது என்று. ஒருவன் அரிவாளோடு வந்தான். மற்றவன் மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி. வந்தவன் செத்துப்போனான். பார்த்த சாட்சி கிடையாது. செத்தவன் கைப்பக்கத்தில் அரிவாள் கிடந்தது, அவ்வளவுதான். ஆகவே வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. உயிருக்குப் பயந்து அடித்தான் என்றால் விடுதலை. இல்லையென்றால் தூக்கு, ஜட்ஜ் மனம் இளகினால் ஆயுள் தண்டனை.

அவனுக்காக வாதாடிய வக்கீல் வராந்தாவில் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“பயந்தியாப்பான்னு கேட்டா, இல்லீங்கங்கறான். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். குடியானவன் வீம்பு! பங்காளிக்குப் பயந்தவன்னு ஊர் பேசிடுமாம். தூக்குல தொங்கும்போது இந்த வீம்பு கூடவா வரப்போகுது?”

அடப் பாவி என்று எனக்கும் ஆத்திரம் வந்தது. ஒரு சொல், மூன்றே எழுத்து. சொன்னால் இவன் குடியா முழுகிப் போய்விடும்? அன்று இரவு சட்டப் புத்தகத்தையும் அகராதியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கிலீஷ்காரனுக்குத்தான் எத்தனை வகைப் பயம்! ஃபியர் என்பது பொது. சட்டென்று தூக்கிப் போட்டால் ஃபிரைட். வரப்போவதை நினைத்து வயிறு கலங்கினால் டிரெட். உடம்பு உறைந்து நின்றால் டெரர். இவை எதுவும் சட்டத்துக்கு வேண்டாமாம். அதற்கு வேண்டியது அப்ரிஹென்ஷன். நமக்கு ஆபத்து என்று நியாயமாகத் தோன்றுவது. நடுக்கம் இல்லை, வியர்வை இல்லை. கோட்டுப் போட்டுக்கொண்ட பயம். இப்படிப்பட்ட பயத்தை எங்கள் பக்கத்தில் யார் பட்டிருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

மறுநாள் ஜட்ஜ் கேட்டதை அவனிடம் தமிழில் கேட்டேன். “அவன் அரிவாளோடு வந்தான், நீ அடித்தாய். அப்போது உனக்கு எப்படி இருந்தது?”

அவன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பிறகு சொன்னான்: “பக்குனு ஆயிருச்சுங்க சாமி. ஈரக்கொலையே நடுங்கிப்போச்சுங்க. கையி காலு நிக்கலீங்க.”

“பயமா?”

“பயமில்லீங்க.”

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். ஜட்ஜ் பேனாவைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார். பக்குனு ஆனதற்கு இங்கிலீஷ் என்ன? ஈரக்கொலையை எந்த அகராதியில் தேடுவது? ஈரக்கொலை நடுங்கியதாம், பயமில்லையாம்! என்ன மனிதன் இவன்! அவன் சாகப் பார்க்கிறான், நான் வேடிக்கை பார்ப்பதா என்று ஒரு வேகம் வந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். “பயம் என்ற சொல்லைச் சபையில் சொல்ல இவர்கள் வெட்கப்படுவார்கள், பிரபு. அவன் சொல்வது, தன் உயிருக்கு அப்ரிஹென்ஷன் உண்டாயிற்று என்பதே” என்றேன். ஜட்ஜ் எழுதிக்கொண்டார். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

நான்காம் நாள் விடுதலை. என் சொல்லைத்தான் ஜட்ஜ் தீர்ப்பில் இரண்டு முறை வாசித்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டேனே!

சாயங்காலம் கோர்ட்டுக்கு எதிரே பஸ் நிற்கும் இடத்தில் அவன் என்னைத் தேடி வந்து கும்பிட்டான்.

“ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க. நீங்க இங்கிலீசுல சொன்னதுலதான் தப்பிச்சேன்னு வக்கீலய்யா சொன்னாருங்க. என்னங்க சொன்னீங்க?”

“நீ பயந்துபோய் அடித்தாய் என்று சொன்னேன்.”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கோபமில்லை. தப்பான ஊருக்கு வழி சொன்னவனைப் பார்ப்பது போல.

“நாந்தான் பயமில்லீன்னு சொன்னனுங்களே சாமி. பயந்திருந்தா ஓடியிருக்க மாட்டனுங்களா? அவனுக்குக் காலு கொஞ்சம் ஊனமுங்க, என்னத் தொரத்திப் புடிக்க முடியாது. அது கோவமுங்க. ரெண்டு வருசத்துக் கோவம்.”

“பக்குனு ஆயிற்று என்றாயே?”

“அது அவன் உளுந்தப்பறமுங்க. ரத்தத்தப் பாத்தனுங்க. எங்க சித்தப்பன் மகனுங்க அவன்.”

பஸ் வந்தது. மறுபடியும் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டான்.

‘அப்போது’ என்று நான் கேட்டேன். எப்போது என்று கேட்கவில்லை. அடிக்கு முன்னாலா, பின்னாலா? அந்த ஒரு கேள்வியை நானும் கேட்கவில்லை, வக்கீலும் கேட்கவில்லை. வீம்பு, வீம்பு என்றோமே தவிர, அவன் நிஜத்தைத்தான் சொல்கிறான் என்று இரண்டு படித்த முட்டாள்களுக்கும் தோன்றவில்லை.

ஜட்ஜ் இன்னும் அறையில்தான் இருந்தார். ஜன்னலில் விளக்குத் தெரிந்தது. போய்ச் சொல்லியிருக்க வேண்டும். படி வரைக்கும் போனேன். திரும்பி வந்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம். அவனை மறுபடி இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்களே, பிள்ளைகுட்டிக்காரன் ஆயிற்றே என்ற இரக்கமும் இருந்தது. இரண்டில் எது முதலில் வந்தது, எது படியிறங்கின பிறகு வந்தது என்று யாராவது என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டால், சத்தியமாக எனக்குச் சொல்லத் தெரியாது.