ஒரே கரையில் இரண்டு வேட்டி

அம்சவல்லிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "கொஞ்சமா?" என்று கேட்பாள். மண்ணூரில் அவள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவரால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, அவள் பேசுவதெல்லாம் என் அடுப்படியில்தான் வந்து விழும். நான் படப்பையில் ஒரு ஜவுளிக்கடையில் வேட்டி, புடவை எடுத்துப் போடுகிறவள். நாள் முழுக்க ஜனங்கள் பேரம் பேசுவதைக் கேட்டு நொந்து வீடு வந்தால், இங்கே இவள். ஆனாலும் அவள் இல்லாத நாட்களில் எனக்குச் சோறு இறங்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் வேலை பார்ப்பது பாட்டில் மூடி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். கோணல் மூடிகளைப் பொறுக்கித் தள்ளுவதுதான் வேலை. ஷிப்ட் முடிந்தாலும் அந்தக் கண் மூடாது, வீட்டுக்கு வந்து மனுஷர்களைப் பொறுக்க ஆரம்பித்துவிடுவாள். புருஷன் சிவசங்கர் டிராக்டர் ஓட்டுகிறவன். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் பேசியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் அவள் ஒரு காலையில் பேசுகிற அளவுக்கு வராது. ஏம்பா பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டால், அதான் அவ பேசிக்கினு கீறாளே என்பான்.

அம்சவல்லியின் அப்பா அம்மா அவள் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அவளை ஆளாக்கியது அண்ணன் தசரதன். அவன் ஒரகடம் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறான். அதே பட்டறையில் ஃபிட்டர் நரசிம்மன். இரண்டு பேரும் படப்பையில் ஒரே வீட்டில் ஒன்பது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். குடித்தனம் என்றால் குடித்தனம்தான், வேறு வார்த்தை தேட எனக்கு நேரமில்லை. தசரதன் குழம்பு வைத்தால் நரசிம்மன் உப்பு சரியில்லை என்பான். நரசிம்மன் துணி துவைத்தால் தசரதன் நீலம் போதவில்லை என்பான். என் கடைக்கு வந்தால் ஒரே கரையில் இரண்டு வேட்டி எடுப்பார்கள். எந்தக் கரை என்று முடிவாவதற்குள் எனக்கு இடுப்பு வலி கண்டுவிடும். கூட்டாளிகள் போடுகிற சண்டை எது, கட்டிக்கொண்டவர்கள் போடுகிற சண்டை எது என்று ஜவுளிக்கடைக்காரிக்குத் தெரியாதா?

ஊருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாதது மாதிரி இருப்பதில் நம் ஜனங்களை மிஞ்ச ஆள் கிடையாது. நரசிம்மனுக்கு "தசரதனோட கூட்டாளி" என்று ஒரு பெயரை வைத்துவிட்டு, அதற்கு மேல் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அம்சவல்லியின் மகள் சுபஸ்ரீக்குக் காது குத்துகிற பேச்சு வரும்வரை.

எங்கள் பக்கம் தாய்மாமன் இல்லாமல் காதில் ஊசி இறங்காது. மாமனும் மாமியும் மேளத்தோடு சீர் எடுத்து வரவேண்டும். கம்மல் வைத்த தட்டு மாமி கையில்தான் வரும். குழந்தையைப் பெற்றவர்கள் அந்த இரண்டு பேரையும் மணையில் உட்காரவைத்து, மாமனுக்கு வேட்டி, மாமிக்குப் புடவை கொடுத்து மரியாதை செய்வார்கள். அதற்கப்புறம்தான் குழந்தை மாமன் மடிக்குப் போகும். கடையில் இதற்கென்றே ஒரு வேட்டியும் ஒரு புடவையும் சேர்த்து ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருப்போம். மாமன் செட்டு என்று பெயர்.

சுபஸ்ரீயின் காது குத்தைத் தொண்ணூற்றொன்று வைகாசியில் ஊர் அம்மன் கோவிலில் வைப்பதாக இருந்தது. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது நாட்டுக்கே தெரியும். ரோடெல்லாம் போலீஸ், மேளத்துக்கு யார் வருவார்கள்? ஆவணிக்குத் தள்ளி வைத்தார்கள். அதனால் வீட்டில் சண்டை போடுவதற்கு மூன்று மாதம் கூடுதலாகக் கிடைத்தது.

சண்டையைத் தசரதன் ஆரம்பிக்கவில்லை. தங்கையிடம் மெதுவாகத்தான் சொன்னான்.

"கம்மல் தட்டை நரசிம்மன்தான் எடுத்தாருவான். மணையில என் பக்கத்துலதான் உக்காருவான். இல்லைன்னா நான் வரலம்மா. கோவம்லாம் இல்ல. அவனை வூட்ல வுட்டுட்டு நான் மட்டும் மாலை போட்டுக்கினு வந்தேன்னா, இத்தினி வருஷமும் பொய்யின்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."

அவன் அப்படிச் சொன்னால் அப்படித்தான். அன்றைக்கு வராவிட்டால் அப்புறம் எந்த நல்லது கெட்டதுக்கும் அவன் இந்த வாசலை மிதிக்கமாட்டான் என்று அம்சவல்லிக்குத் தெரியும். அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அந்த இரண்டு பேரும் அவர்களுடைய மண்ணெண்ணெய் ஸ்டவ்வும்தான். அதை இழந்துவிட்டு மகளுக்குக் கம்மல் போட்டு யாருக்கு அழகு காட்டுவது?

எதிர்த்து நின்றவர் கண்ணப்பன், சிவசங்கரின் அண்ணன். அந்த வீட்டில் எந்தக் காரியமும் அவர் தலையசைக்காமல் நடக்காது. கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் மீசையை மழித்துவிட்டால் அவருடைய பாதி அதிகாரம் போய்விடும். இந்த விஷயத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: "அதுங்க ரெண்டும் ஆம்பளைங்கம்மா." காலையில் டீ குடித்துவிட்டுச் சொல்வார், சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டுச் சொல்வார். யாருக்குமே தெரியாத சங்கதியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்த மாதிரியே ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

அம்சவல்லி விடுவாளா? ஊர் என்ன பேசும் என்றார். ஊர் இத்தனை நாளும் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தது என்றாள். அம்மன் சன்னதியில் இப்படியெல்லாம் செய்யலாமா என்றார். ஆடி மாசம் ஆனால் இரண்டு பேரும்தான் கூழுக்குக் கேழ்வரகு கொண்டுவந்து கொட்டுகிறார்கள், அம்மன் இதுவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பவில்லை என்றாள். குழந்தை நாளைக்கு வளர்ந்து கேட்டால் என்ன சொல்வாய் என்றார். ஒரு மாமாவுக்குப் பதில் இரண்டு மாமா என்றால் எந்தக் குழந்தை வேண்டாம் என்று சொல்லும், பொரி உருண்டையும் இரண்டாகத்தானே வரும் என்றாள். சரி, அவன் வரட்டும், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும், தட்டை மட்டும் என் மனைவி எடுத்து வரட்டும் என்று கண்ணப்பன் இறங்கி வந்தார். பெரியம்மாவை ஒரு நாளைக்கு மாமியாக வாடகைக்கு எடுப்பதானால் அம்மாவையும் எங்கேயாவது வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், நான் வீட்டில் படுத்துத் தூங்குகிறேன் என்றாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குப் புரையேறிவிட்டது.

கடைசியில் அவர் ஒரு பிடி கண்டுபிடித்தார். மாமி என்றால் மாமனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்க வேண்டும். இவர்களுக்கு எங்கே கல்யாணம் நடந்தது? அம்சவல்லி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். சுவரில் காதை வைத்துக் கேட்கவேண்டியதாகிவிட்டது.

"நடந்துச்சு பெரிய மாமா. சிங்கப்பெருமாள் கோவில்ல, மலையைச் சுத்தி வந்துட்டு ரெண்டு பேரும் மாலை மாத்திக்கினாங்க. மாலை வாங்கியாந்தது நானு. அப்ப பாவாடை கட்டிக்கினு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லாதம்மான்னாங்க, சொல்லல. அப்புறம் நரசிம்மன் அண்ணனுக்கு டைபாய்டு வந்துச்சு. எங்க அண்ணன் அவரைத் தோள்ல போட்டுக்கினு பஸ்ஸு பஸ்ஸா ஏறி எறங்குனாரு. எனக்கு ஜுரம் வந்தா உங்க தம்பி டிராக்டர்ல டீசல் கீதான்னுதான் பாப்பாரு. எங்களுக்கு நடந்தது கல்யாணம், அவங்களுக்கு நடந்தது இன்னாவாம்?"

நான் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தேன், சிவசங்கர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். டீசல் விஷயம் வேறு யாரைப் பற்றியோ என்கிற மாதிரி பல் குத்திக்கொண்டிருந்தான். கண்ணப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னமோ செய்யுங்கள், நான் நடுவில் வரவில்லை என்று எழுந்து போனார். அம்சவல்லி ஜெயித்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுவாரம் கண்ணப்பன் எங்கள் கடைக்கு வந்தார். மாமன் செட்டு கொடு என்றார். புடவை யாருக்கு அண்ணே என்று கேட்டேன். "செட்டுன்னா செட்டு" என்றார். கூட ஒரு வேட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வீட்டில் இருக்கிறது என்று முறைத்தார். கட்டிக் கொடுத்தேன்.

காது குத்து அன்றைக்கு மேளம் முன்னால் போக, தசரதனும் நரசிம்மனும் வந்தார்கள். பட்டறையில் இரும்பையே தூக்கிப் போடுகிற நரசிம்மனுக்கு அந்தக் குண்டுமணிக் கம்மல் தட்டு கனத்தது. இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தான். சில பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள், சில பேர் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாழைமரத்தைப் பார்த்தார்கள். அம்சவல்லி ஆலம் சுற்றி, கோவில் பந்தலுக்குள் கூட்டிவந்து இரண்டு பேரையும் மணையில் உட்காரவைத்தாள். காது குத்தும் பத்தர் ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

கண்ணப்பன் பெட்டியை நீட்டினார். அம்சவல்லியும் சிவசங்கரும் அதைத் திறந்து, மேலே இருந்த வேட்டியைத் தட்டில் வைத்துத் தசரதனுக்குக் கொடுத்தார்கள். அடியில் அரக்கு நிறத்தில் ஒரு புடவை. வேறொன்றும் இல்லை. வீட்டில் இருக்கிறது என்று சொன்ன வேட்டியைக் கண்ணப்பன் மறந்தாரா, மறந்த மாதிரி இருந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்தால் போதாதா, பந்தல் முழுக்கப் பரவியது. தட்டை வாங்க நீட்டிய கைகளை நரசிம்மன் மடக்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான். தசரதன் தன் வேட்டியை எடுத்து மணையில் வைத்துவிட்டு எழுந்தான். "வா, நம்ம வூட்டுக்குப் போலாம்" என்றான் நரசிம்மனிடம்.

நான் அம்சவல்லியைப் பார்த்தேன். பேசுடி, இதற்குத்தானே அந்த வாய் என்று மனசுக்குள் கத்தினேன். அவள் வாய் திறந்துதான் இருந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. கையில் புடவையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன், இனிமேல் பார்க்கவும் வேண்டாம்.

அப்போது சிவசங்கர் நகர்ந்தான். மாமன் வீட்டார் கொண்டுவந்த சீர் வரிசையில் அவனுக்கென்று ஒரு வேட்டி இருந்தது. தசரதனும் நரசிம்மனும் என் கடையில் என் உயிரை வாங்கி எடுத்த வேட்டி. அதை எடுத்துத் தட்டில் வைத்தான். மேலே வெற்றிலை பாக்கை வைத்தான். நரசிம்மன் முன்னால் வந்து குனிந்து நீட்டினான்.

"மச்சான், இது உங்களுக்கு. வாங்கிக்கினு குந்துங்க."

அதுவரை அவன் நரசிம்மனை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. ஏங்க, இங்க பாருங்க என்றே நாலு வருஷத்தை ஓட்டியவன். நரசிம்மன் தட்டைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். இது நாங்கள் வாங்கிவந்ததாயிற்றே என்றான்.

"தெரியும். நல்ல கரை" என்றான் சிவசங்கர். பிறகு பந்தல் பக்கம் திரும்பி, "சிரிக்கிறவங்க சிரிச்சு முடிங்க, பொண்ணு பசியில கீறா" என்றான்.

அவன் அத்தனை பேசி யாரும் கேட்டதில்லை என்பதாலேயே பந்தல் அடங்கிவிட்டது. தசரதன் உட்கார்ந்தான். அவன் மடியில் சுபஸ்ரீயை வைத்தார்கள். நரசிம்மன் அவள் தலையைப் பிடித்துக்கொண்டான். ஊசி இறங்கியதும் அவள் அவன் விரலைக் கடித்தாள். குழந்தை கொஞ்ச நேரம்தான் அழுதது, இரண்டு மாமன்களையும் தேற்றத்தான் நேரமாயிற்று. அம்சவல்லிக்கு வாய் திரும்பி வந்து, பத்தர் இடது காதில் கம்மலைக் கோணலாகப் போட்டுவிட்டார் என்று சண்டைக்குப் போனாள். கோணல் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு இரண்டாவதும் பெண். காது குத்துக்குத் துணி எடுக்கக் கண்ணப்பன் கடைக்கு வந்தார். மீசை நரைத்திருந்தது, முறைப்பு அப்படியே இருந்தது. நான் சும்மா இருப்பேனா? மாமன் செட்டுப் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

திறந்து பார்த்து, புடவை எதற்கு என்று கேட்டார். மாமிக்கு அண்ணே, செட்டு என்றால் செட்டுதானே என்றேன்.

இவ்வளவு மக்கு ஒருத்தியை யார் வேலைக்கு வைத்தார்கள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"இத்தினி வருஷமா பக்கத்து வூட்ல கீற, இதுகூடத் தெரியாதா செங்கமலம்? அதுங்க ரெண்டும் ஆம்பளைங்கம்மா. ரெண்டு வேட்டி எடு. ஒரே கரையா."